மூன்றாவது ஊதல்

சங்கு ஊதும் சன்னாசிக்கு நான் முப்பத்தைந்து சிங்கப்பூர் வெள்ளி கடன்பட்டிருந்தேன். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, முப்பத்து மூன்று வருடம். துவாஸில் பதினான்கு லாரிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தவன், மாதம் பிறந்தால் இருபத்தாறு பேருக்கு ஒரு நாள் பிந்தாமல் சம்பளம் போட்டவன், முப்பத்தைந்து வெள்ளியை அடைக்க முடியாமல் கிடந்தேன் என்றால் சிரிப்பீர்கள். முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் பெயர் தங்கராஜு. வயது எழுபது. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க வாத்தியாரிடம் சரக்கு இல்லை என்று நான் சொல்வேன். வீட்டில் சோறு இல்லை, அதுதான் காரணம் என்பாள் கமலம், என் மனைவி. இதைப் பள்ளி நோட்டில் என் கையாலேயே எழுதினேன். மகன் பிரேம் பிழை மட்டும் திருத்தினான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றில் என் அப்பா இறந்தார். அப்போது தோ பாயோவில் ஓர் அடுக்குமாடி புளோக்கில், வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரு பழைய பத்தடி லாரி. அதிலும் பாதி என்னுடையது, பாதி தவணைக்காரனுடையது. சன்னாசி பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், எங்காவது சாவு விழுந்தால் சங்கு ஊதப் போவார். கூலி ஐம்பது வெள்ளி என்று பேசிக்கொண்டோம்.

எங்கள் ஆட்களின் சாவில் சங்கு மூன்று முறை. குளிப்பாட்டும்போது ஒன்று. தூக்கும்போது ஒன்று. வண்டி புளோக்கை விட்டுத் திரும்புகிற முனையில் ஒன்று. அந்த மூன்றாவதுதான் போகிறவருக்கு வழி காட்டும், அது இல்லையென்றால் அவர் முனையிலேயே நின்றுவிடுவார் என்பார்கள். மூன்றாவதற்கு முன்னால் ஊதுகிறவரின் உள்ளங்கையில் கூலியை ஒவ்வொரு நோட்டாக வாய்விட்டு எண்ணி வைக்க வேண்டும். சுருட்டிக் கொடுக்கக் கூடாது, கடன் சொல்லக் கூடாது.

சன்னாசி குளிப்பாட்டும்போது ஊதினார். தூக்கும்போது ஊதினார். கார் நிறுத்துமிடத்தின் முனைக்கு வந்ததும் கையை நீட்டினார். நான் பதினைந்து வெள்ளியை எண்ணி வைத்தேன். மீதி இப்போது இல்லை, அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தார். பிறகு சங்கை உதட்டுக்குக் கொண்டு போனார். மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நீளமான இழுப்பு. அதோடு சரி. சங்கை இறக்கி, துண்டில் சுற்றிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டார். அழுகைச் சத்தத்தில் மற்றவர்கள் எதையும் கவனிக்கவில்லை. வண்டி திரும்பியது. அப்பா மூன்றாவது ஊதல் இல்லாமல் போனார்.

என் சட்டைப் பையில் நானூறு வெள்ளி இருந்தது. மறுநாள் லாரித் தவணை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் முப்பத்தைந்து வெள்ளியோடு அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று பத்து, ஒரு ஐந்து. கப்பல் படம் போட்ட அந்தக் காலத்து நோட்டுகள். சன்னாசி கதவைப் பாதிதான் திறந்தார்.

“சாவுக் கூலிய வாசப்படியில வாங்குறவன் நான் இல்ல தம்பி. வீட்டுக்குள்ள அது வந்தா, அதுக்குப் பின்னாடியே சாவும் வரும்.”

“வேற எங்கதான் வாங்குவீங்க?”

“தூக்குற எடத்துல. எண்ணி வை, ஊதுறேன்.”

“அப்பாதான் போயிட்டாரே அண்ணே.”

“அப்ப நமக்குத் தெரிஞ்சவங்க இன்னொருத்தர் போகணும்” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

பெரிய மனுஷன்தான் என்று முணுமுணுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நான்கு நோட்டையும் ஓர் உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

அடுத்த மாதம் அது ஆரம்பித்தது. ஜூரோங்கில் சரக்கை இறக்கிவிட்டு லாரி என்ஜினை அணைத்தேன். எனக்குப் பின்னால் யாரோ நீளமாக மூச்சை இழுத்தார்கள். திரும்பினால் காலிச் சாக்குகள். ஊதல் வருமா என்று காது கொடுத்து நின்றேன். வரவில்லை. அதற்குப் பிறகு எங்கே சத்தம் அடங்குகிறதோ அங்கே அது வந்தது. மின்தூக்கிக் கதவு மூடியதும் வரும். வங்கியில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தால் வரும். பிரேம் பிறந்த அன்று, குழந்தை அழுவதற்கு முன்னால் ஒரு நொடி இருக்குமே, அந்த நொடியிலும் வந்தது. இழுப்பு மட்டும்தான். இழுத்த மூச்சு எங்கே போனது என்று தெரியாது.

நான் பயந்தவன் இல்லை. ஒரு லாரி நான்கானது, நான்கு பதினான்கானது. புக்கிட் பாஞ்சாங்கில் ஓர் அடுக்குமாடி புளோக்கில், உள்ளேயே மாடி வைத்த பெரிய வீடு வாங்கினேன். என்னோடு லாரி ஓட்டியவர்கள் இன்னும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது அவர்களுக்கு நான் முதலாளி. ஆனால் கூட்டத்தில் எல்லோரும் வாயை மூடினால் எனக்கு வியர்க்கும். அதனால்தான் நான் ஓயாமல் பேசுகிறவன் ஆனேன். காது மருத்துவர் ஒருவர் என் காது முப்பது வயதுக்காரன் காது என்றார். “உங்க மூச்சாத்தான் இருக்கும், கொஞ்சம் சும்மா இருந்து பாருங்க” என்றாள் கமலம். அவள்மேல் எரிந்து விழுந்தேன். நானூறு வெள்ளி விஷயத்தை அவளிடம் நான் சொன்னதே இல்லை.

எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் முதலில் சங்கு யார் கையில் என்று பார்ப்பேன். சன்னாசி இல்லை. வீடு மாறிவிட்டார், தொழிலை விட்டுவிட்டார் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

போன வருடம் ஜனவரியில் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கப் போனேன். சந்தைக்கு வெளியே கல் இருக்கையில் ஒரு கிழவர், மூக்கில் குழாய், பக்கத்தில் சின்ன ஆக்சிஜன் உருளை. அவர் உதட்டின் இடது ஓரத்தில் பத்துக் காசு அளவுக்குக் காய்த்த தழும்பு இருந்தது. சங்கு முப்பது வருடம் உட்கார்ந்த இடம். இறைச்சிப் பையோடு அப்படியே நின்றேன். அவர் என் செருப்பிலிருந்து கைக்கடிகாரம் வரை நிதானமாகப் பார்த்தார்.

“வா தவுக்கே. லாரித் தவண கட்டி முடிச்சுட்டியா?”

முதலாளிமாரைச் சீனர் அழைக்கும் அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் எனக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆயிரம் வெள்ளி தருகிறேன், அப்பாவுக்கு உள்ளதை ஊதிவிடுங்கள் என்றேன். நுரையீரல் போய்விட்டது, மெழுகுவர்த்திகூட அணைக்க முடியாது என்றார். வேறு ஆளை வைத்து ஊதட்டுமா என்று கேட்டேன். அது அவன் ஊதல், என்னுடையது ஆகாது என்றார். காய்கறி வாங்கிக்கொண்டு வந்த அவர் மகள் லட்சுமி, யார் இது என்று கண்ணால் கேட்டாள்.

“கடங்காரன்” என்றார் சன்னாசி. பிறகு என்னிடம், “நீயே பழகு. சங்கு என்னுது, வித்தை என்னுது, மூச்சு மட்டும் உன்னுது. அப்ப அது என் ஊதல்தான். கூலியும் எனக்குத்தான்.”

இவ்வளவுதானா என்று நினைத்தேன். பன்னிரண்டு சக்கர லாரியை மூன்று நாளில் ஓட்டப் பழகியவன் நான்.

பாசிர் ரிஸில் லட்சுமியின் வீட்டுக்கு வாரம் மூன்று நாள் போனேன். தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ரயில். முதல் மாதம் சங்கைத் தொடவே விடவில்லை. உதட்டை இறுக்கி, பிள்ளைகள் பஸ் ஓட்டுவதுபோல ‘புர்ர்’ என்று சத்தம் போட வேண்டும். சுவரில் ஒரு காகிதத்தை வைத்து, அது கீழே விழாமல் ஊதியே நிறுத்த வேண்டும். சன்னாசி என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூச்சு நெஞ்சிலிருந்து வந்தால் கிள்ளுவார். எழுபதை எட்டப்போகிறவனை எண்பத்திரண்டு வயதுக்காரர் கிள்ளினார். நான் பொறுத்துக்கொண்டேன்.

இரண்டாம் மாதம் சங்கு கைக்கு வந்தது. ஊதினால் ‘புஸ்’ என்று காற்றுதான். ஒரு நாள் மூச்சைத் திரட்டி ஊதியதில் என் மேல்வரிசைப் பொய்ப்பல் கழன்று சங்கின் வாயில் போய் மோதியது. சன்னாசி சிரிக்கத் தொடங்கி, இருமலில் முடிந்து, லட்சுமி உருளையின் குமிழைத் திருக வேண்டியதாயிற்று. கமலத்திடம் சொன்னேன். மறுநாளே மருந்துக் கடையிலிருந்து பல் ஒட்டும் பசை வாங்கி வந்தாள். பதினான்கு லாரியின் முதலாளி கட்டுமானப் பசை போட்டுச் சங்கு ஊதப் போகிறார் என்று தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள்.

சில நாள் சங்கை என்னிடம் கொடுத்தனுப்புவார். வீட்டில் பழகினால் சங்குக்குள் துணியைத் திணித்துக்கொள்ள வேண்டும். எங்கள் சனத்துக்குக் கோயிலை விட்டு வெளியே சங்கு கேட்டால் ஒரே அர்த்தம்தான். ஒரு மாலை துணி வைக்க மறந்து எங்கள் புளோக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் நின்று ஊதினேன். முதன்முதலாகச் சத்தம் வந்தது. கன்று தாயைத் தேடுவதுபோல, கோணலாக, ஆனால் சத்தம். பெருமை தாங்காமல் வீட்டுக்கு ஓடி வந்தால் வாசலில் எதிர்வீட்டுப் பாப்பம்மாள், தோளில் துண்டோடு, கண்ணில் தண்ணீரோடு.

“அண்ணனுக்கு என்னடி ஆச்சு கமலம்?”

“ஒண்ணும் ஆகலக்கா. பழகிக்கிட்டு இருக்காரு.”

“எதுக்கு, சாவுக்கா?” என்று கேட்ட பாப்பம்மாள் என்னை உயிரோடு கண்டதும் திட்டிக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

சத்தம் நேரானபோது சன்னாசி என்னைப் பாசிர் ரிஸ் கடற்கரைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். சக்கர நாற்காலியைத் தள்ளினேன். எதிரே உபின் தீவு. தூண்டில் போடுகிறவர்கள் தூரத்தில் இருந்தார்கள். சங்கைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்து, மூச்சை இழுத்தேன்.

“நிறுத்து” என்றார். “இழுக்குற சத்தம் வெளிய கேக்குது. சாவு வீட்டுல அது கேக்கக் கூடாது. அழுவுறவங்க பயந்துடுவாங்க. மூக்கால, மெதுவா, பக்கத்துல இருக்குறவனுக்குக்கூடத் தெரியாம எடு.”

“நீங்க இழுத்தது எனக்குக் கேட்டுச்சே அண்ணே. முப்பத்து மூணு வருசமா அதத்தான கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

“நான் இழுக்கவே இல்ல தம்பி. உன் பாக்கெட்டப் பாத்தப்பவே ஊதக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். வாயில சும்மா வெச்சு எடுத்தேன்.”

“அப்ப அது யாரு?”

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலை மண்ணில் ஏறி இறங்கும் இடைவெளியில் என் முதுகுக்குப் பின்னால் அது நீளமாக இழுத்தது. அப்பாவுடையதா, என்னுடையதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனதும் கமலம் மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எதிரே உட்கார்ந்து அந்த நானூறு வெள்ளியைப் பற்றிச் சொன்னேன். தலை நிமிரவில்லை அவள்.

“தெரியும். நான்தான மடிச்சு, ஊக்குக் குத்தி வெச்சேன்.”

“தெரிஞ்சுமா பேசாம நின்ன?”

“நீங்க எடுத்துக் குடுப்பீங்கன்னு பாத்தேன். குடுத்துட்டா லாரி போயிடுமேன்னு பயமாவும் இருந்துச்சு. ரெண்டும்தான்.” கீரைத் தண்டை ஒடித்து ஓரமாக வைத்தாள். “எனக்கும் அந்த முனையத் தாண்டும்போதெல்லாம் மாமா நிக்கிற மாதிரிதான் இருக்கும். சொன்னா நீங்க கத்துவீங்க.”

முப்பத்து மூன்று வருடமாக நான் தனியாகச் சுமந்ததாக நினைத்ததை அவளும் சத்தமில்லாமல் சுமந்திருக்கிறாள். நானும் ஒரு கட்டுக் கீரையை இழுத்து ஆயத் தொடங்கினேன்.

இனி வேண்டியது ஒரு சாவுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. சன்னாசிக்கும் எனக்கும் தெரிந்த ஒருவர் போக வேண்டும். சன்னாசிக்கு மாதம் ஒரு முறை மூச்சு முட்டியது. அவர் முந்திக்கொண்டால் உறையை யார் கையில் எண்ணுவேன்? பத்திரிகை வந்தால் மரண அறிவித்தல் பக்கத்தை முதலில் பிரித்தேன். பெயர்களை எழுத்துக்கூட்டி அவருக்குத் தொலைபேசியில் வாசித்தேன். “தெரியாது, அடுத்தவன்” என்பார். துறைமுகத்துப் பழைய கூட்டாளி காதர் மைதீன் மருத்துவமனையில் கிடந்தபோது, அவர் முஸ்லிமாச்சே, சங்கு ஏது என்று எங்களுக்கு உறைக்கவே இரண்டு நாள் ஆனது. அவர் எழுந்து வீட்டுக்கும் போய்விட்டார். பிரேமுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “யூடியூப்ல சங்கு சவுண்ட் இருக்கு லா அப்பா, ஃபோன்ல போட்டுக்கலாம்” என்றான்.

ஆகஸ்டில் ஒரு நாள் நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சலித்துக்கொண்டேன். கமலம் காப்பியை என் முன்னால் வைத்தாள்.

“யாரும் சாக மாட்டேங்குறாங்களா? பாவம். நான் வேணும்னா செத்துக் காட்டவா? எனக்கு ஊதுங்க. ஆனா அவருக்குக் கூலிய ஒழுங்கா எண்ணிக் குடுத்துடணும், சொல்லிட்டேன்.”

நான் சிரித்தேன். உரக்கச் சிரித்தேன்.

செப்டம்பரில், செவ்வாய்க்கிழமை காலை, சந்தைக்குப் போன கமலம் வரும் வழியில் ரயில் நிலையத்துக்குக் கீழே இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். காய்கறிப் பை மடியில். சாய்ந்து தூங்குகிறாள் என்றுதான் போனவர்கள் நினைத்திருக்கிறார்கள். மருத்துவர் இதயம் என்றார். நான் போனபோது பையில் இரண்டு கட்டுக் கீரை வாடாமல் இருந்தது.

அந்தச் சாவுக் கூலியை இத்தனை வருடம் வீட்டுக்குள் வைத்திருந்ததுதானா, சாவு வேண்டும் வேண்டும் என்று பத்திரிகையில் தேடியதுதானா, எது அவளைக் கூப்பிட்டது என்று யோசித்துக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது லட்சுமியின் டாக்சி வந்தது. சன்னாசி சக்கர நாற்காலியில், வெள்ளை வேட்டியில், மடியில் துண்டில் சுற்றிய சங்கோடு இறங்கினார். சங்கை எடுத்து நீட்டினார்.

புருஷனே பெண்டாட்டிக்கு ஊதுவது எங்கே நடக்கும் என்று உறவினர்கள் சொன்னார்கள். பிரேம் என் கையைப் பிடித்து, வேண்டாம் அப்பா, ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றான். அம்மா கேட்டது என்றேன். விட்டுவிட்டான். குளிப்பாட்டும்போது ஊதினேன். கோணல் இல்லை. தூக்கும்போது ஊதினேன். மேலே பாப்பம்மாளின் ஜன்னல் திறந்தது.

மூன்றாவது ஊதல் எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். மேல்மாடிகளில் சீனர்களும் மலாய்க்காரர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள் என்றும், அது முடியவே முடியாதுபோல இருந்தது என்றும் பிரேம் சொன்னான். எதைப் பற்றியும் பெருமை பேசும் எனக்கு அதைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. அன்றிலிருந்து அந்த இழுப்பு எனக்குக் கேட்கவில்லை. மின்தூக்கியில் இல்லை, வங்கியில் இல்லை. காலையில் காப்பியோடு உட்கார்ந்து வேண்டுமென்றே காது கொடுத்துப் பார்க்கிறேன். வீட்டில் இப்போது என்னுடையதைத் தவிர எந்த மூச்சும் இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைத்தான் நான் எழுத வந்தேன். வண்டி கார் நிறுத்துமிடத்தின் முனைக்கு வந்து நின்றது. லட்சுமி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து என் எதிரே நிறுத்தினாள். நான் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்துப் பிரித்தேன். பசை காய்ந்து தூளாக உதிர்ந்தது. சன்னாசி மடியிலிருந்த வலது கையை எடுத்து நீட்டினார். உள்ளங்கை வெளுத்து, காகிதம்போல இருந்தது. நான் முதல் நோட்டை வைத்தேன். வாயசைந்தது, குரல் வரவில்லை.

“வாய்விட்டு எண்ணு தம்பி. போறவங்களுக்குக் கேக்கணும்” என்றார். தவுக்கே என்று சொல்லவில்லை.

பத்து என்றேன். இருபது. முப்பது. ஐந்து வெள்ளி நோட்டு நடுவில் மடிந்து ஒட்டிக்கிடந்தது. கட்டைவிரலால் நீவி, கிழியாமல் பிரித்து, கப்பல் மேலே தெரியும்படி மற்ற மூன்றின்மேல் அதை வைத்தேன். முப்பத்தைந்து.